ஏடிஹெச்டி மாத்திரையும் இதயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகனுக்கு ஒன்பது வயதில் ஏடிஹெச்டி, அதாவது கவனம் நிற்காமல் துறுதுறுவென்று இருக்கும் கோளாறு, என்று சொல்லி மெத்தில்ஃபெனிடேட் எழுதிக் கொடுத்தார்கள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை அன்று இரவு விரித்துப் படித்தேன். 'திடீர் மரணம்' என்ற இரண்டு சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. மாத்திரை மூன்று நாள் பெட்டியிலேயே கிடந்தது. அப்புறம் மருத்துவரிடம் திரும்பப் போய்க் கேட்டேன், இதய மருத்துவரிடமும் கேட்டேன், கிடைத்த ஆய்வுகளை உட்கார்ந்து படித்தேன். நான் மருத்துவர் அல்ல. ஆனால் அதே பயத்தோடு வருகிற பெற்றோரும், பெரியவர்களான பிறகு இந்த மருந்தைத் தொடங்குகிறவர்களும் என்னிடம் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். உங்களை நேரில் சோதித்த மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

எந்தெந்த மருந்துகளைப் பற்றிய பேச்சு இது?

மருத்துவர் எழுதிக் கொடுக்கும் ஸ்டிமுலன்ட் மருந்துகள். இவற்றில் இரண்டு குடும்பம் உண்டு. ஒன்று மெத்தில்ஃபெனிடேட், ரிட்டாலின், கான்செர்ட்டா என்ற பெயர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இன்னொன்று ஆம்ஃபெட்டமின் வகை. அடெரால், லிஸ்டெக்ஸ்ஆம்ஃபெட்டமின் எல்லாம் இதில் வரும். எல்லா நாட்டிலும் எல்லாம் கிடைக்காது. பெரும்பாலும் ஏடிஹெச்டிக்குத் தருகிறார்கள். பகலில் கட்டுப்படுத்த முடியாமல் தூக்கம் வரும் நார்கோலெப்ஸிக்கும் தருவதுண்டு.

தமிழில் இவற்றை 'ஊக்கமருந்து' என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஓட்டப்பந்தயத்தில் பிடிபட்ட வீரர்தான் நினைவுக்கு வருகிறார். அந்தக் கறையை ஒரு குழந்தையின் மாத்திரை மேல் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. அதனால் இங்கே ஸ்டிமுலன்ட் என்றே எழுதுகிறேன்.

மூளைக்குத் தரும் மருந்து இதயத்தில் ஏன் கை வைக்கிறது?

இந்த மருந்துகள் டோபமின், நார்அட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருள்களின் அளவைக் கூட்டுகின்றன. நரம்பு முனையிலிருந்து வெளியே வந்தவை திரும்ப உள்ளே உறிஞ்சப்படாமல் மெத்தில்ஃபெனிடேட் தடுக்கிறது. ஆம்ஃபெட்டமின் அதையும் செய்து, உள்ளே சேமித்து வைத்திருப்பதையும் வெளியே தள்ளுகிறது. மூளையில் இதனால் கவனம் நிற்கிறது. ஆனால் நார்அட்ரினலின் மூளைக்கு மட்டும் சொந்தமானது அல்ல. பயந்தாலும் ஓடினாலும் நெஞ்சு அடித்துக்கொள்ள வைப்பதும் அதே பொருள்தான். அது இதயத்தை வேகமாகவும் அழுத்தமாகவும் துடிக்க வைக்கும், ரத்தக் குழாய்களைக் கொஞ்சம் சுருங்க வைக்கும். அதனால் நாடித்துடிப்பும் பிபியும் ஏறுகின்றன. மருந்து ரத்தத்தில் இருக்கும் வரைக்கும்தான் இந்த ஏற்றம்.

எவ்வளவு ஏறும்?

சராசரியாகப் பார்த்தால் பிபி 2 முதல் 4 புள்ளி, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 3 முதல் 6. மாடிப்படி ஏறினால் இதைவிட அதிகம் ஏறும்.

ஆனால் 'சராசரி' என்ற சொல்லில் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு ஒன்றுமே ஏறாமல், இரண்டு பேருக்கு மட்டும் 15 புள்ளி ஏறினாலும் சராசரி 3 என்றுதான் வரும். உங்கள் பிள்ளை எட்டில் ஒருவரா இரண்டில் ஒருவரா என்பதைத் தாளில் அச்சடித்த எண் சொல்லாது, அளந்து பார்த்தால்தான் தெரியும். மருந்து தொடங்குவதற்கு முன் ஒரு அளவு, தொடங்கிய பின் ஒரு அளவு, ஒவ்வொரு முறை டோஸ் மாறும்போதும் ஒரு அளவு. எந்த மருத்துவமனைக்குப் போனாலும் இதை விடாமல் கேளுங்கள். நேரமில்லை என்று பிபி பார்க்காமல் டோஸை மட்டும் கூட்டி அனுப்பினால், திரும்பி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

'திடீர் மரணம்' என்று ஏன் போட்டிருக்கிறார்கள்? நிஜமாகவே நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. ஆனால் அது மருந்தால் நடந்ததா, மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு வேறு காரணத்தால் நடந்ததா என்பதுதான் இருபது வருடமாக ஓடும் வழக்கு.

2005 பிப்ரவரியில் கனடா அரசு, நீண்ட நேரம் வேலை செய்யும் அடெரால் வகையான அடெரால் எக்ஸ்ஆர் விற்பனையை நிறுத்தி வைத்தது. மருந்து எடுத்த சிலர் திடீரென்று இறந்ததாக வந்த தகவல்கள்தான் காரணம். ஆதாரங்களை மறுபடியும் அலசிப் பார்த்து, அதே ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் அனுமதித்தது. இறந்தவர்களில் சிலருக்கு யாருக்கும் தெரியாத பிறவி இதயக் கோளாறு இருந்தது. 2006-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கூட்டிய ஆலோசனைக் குழு ஒன்று, கறுப்புக் கட்டத்துக்குள் அச்சடிக்கும் மிகக் கடுமையான எச்சரிக்கையை (கறுப்புக் கட்ட எச்சரிக்கை) போட வேண்டும் என்று, ஆதரவாக 8, எதிராக 7 என்ற வாக்கில் பரிந்துரைத்தது. அடுத்த மாதமே குழந்தை மருத்துவ ஆலோசனைக் குழு அது வேண்டாம் என்றது. கடைசியில், இதயத்தின் அமைப்பில் கோளாறு இருப்பவர்களுக்கான எச்சரிக்கை தாளில் இடம்பெற்றது. நான் அன்று இரவு படித்தது அதைத்தான்.

2009-இல் வந்த ஒரு ஆய்வு பெரிய கவலையைக் கிளப்பியது. திடீரென்று காரணம் தெரியாமல் இறந்த 564 சிறுவர்களையும், கார் விபத்தில் பயணியாக இறந்த 564 சிறுவர்களையும் ஒப்பிட்டார்கள். முதல் கூட்டத்தில் 10 பேரும் இரண்டாவதில் 2 பேரும் ஸ்டிமுலன்ட் எடுத்திருந்தார்கள். ஐந்து மடங்கு என்று கேட்டால் நெஞ்சு பதறும். ஆனால் எண்கள் 10, 2 என்ற அளவில் இருக்கும்போது இரண்டு மூன்று பேர் இங்குமங்கும் மாறினால் முடிவே மாறிவிடும். அதுவும் பல வருடம் கழித்துப் பெற்றோரைக் கேட்டுத் திரட்டிய தகவல். திடீரென்று பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் என்ன மருந்து கொடுத்தோம் என்று ஆயிரம் முறை நினைத்துப் பார்த்திருப்பார்கள். விபத்தில் இழந்தவர்களுக்கு அதை நினைக்கக் காரணமே இருந்திருக்காது. இதை எல்லாம் பார்த்துத்தான், இந்த ஒரு ஆய்வை வைத்து யாரும் மருந்தை நிறுத்த வேண்டாம் என்று எஃப்டிஏ அப்போது சொன்னது.

அப்படியானால் பெரிய ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2011-இல் இரண்டு வந்தன. முதலாவது, 2 முதல் 24 வயது வரையிலான சுமார் 12 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தது. திடீர் இதய மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றையும் சேர்த்து 81 சம்பவங்கள்தான் இருந்தன. ஒரு லட்சம் பேரை ஒரு வருடம் கவனித்தால் மூன்று பேருக்கு என்ற கணக்கு. மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் இடையே ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை. இரண்டாவது ஆய்வு 25 முதல் 64 வயதுக்காரர்கள் சுமார் 4.4 லட்சம் பேரைப் பார்த்தது. அதிலும் மாரடைப்போ பக்கவாதமோ கூடவில்லை.

இதைப் படித்த இரவுதான் எனக்குத் தூக்கம் வந்தது. ஆனாலும் ஒன்றைச் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். இதயக் கோளாறு இருக்கிறது என்று முன்பே தெரிந்தவர்களுக்கு மருத்துவர்கள் இந்த மருந்தைத் தரத் தயங்குவார்கள். அதனால் இப்படிப்பட்ட பதிவுகளில் மருந்து எடுப்பவர்கள் ஓரளவு ஆரோக்கியமானவர்களாகவே இருக்க வாய்ப்புண்டு. அந்த ஆய்வுகள் தரும் ஆறுதல், விசாரித்து, சோதித்து மருந்து தரப்பட்டவர்களுக்கான ஆறுதல் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

பல வருடம் எடுத்தால்?

மேலே சொன்னவை பெரும்பாலும் மருந்து எடுக்கும் காலத்தில் வரும் அவசரச் சம்பவங்களைப் பற்றியவை. நீண்ட காலக் கேள்விக்கு முக்கியமான பதில் சுவீடனிலிருந்து 2023 இறுதியில் வந்தது. ஏடிஹெச்டி உள்ள 2,78,027 பேரை 14 வருடம் வரை பின்தொடர்ந்தார்கள். மருந்து எடுக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் இதய, ரத்தக் குழாய் நோய் வரும் வாய்ப்பு சராசரியாக 4 சதவீதம் கூடியது. முதல் மூன்று வருடத்தில் இந்த ஏற்றம் வருடத்துக்கு 8 சதவீதம், அப்புறம் அநேகமாக அங்கேயே நின்றுவிட்டது. எந்த நோய் என்று பிரித்துப் பார்த்தபோது உயர் ரத்த அழுத்தமும் தமனி நோயும்தான் தெளிவாக முன்னால் நின்றன. இதயத் துடிப்புக் கோளாறிலோ மாரடைப்பு வகை நோய்களிலோ அப்படித் தெளிவான ஏற்றம் தெரியவில்லை.

சதவீதத்தைப் பார்த்து மிரளாமல் இருக்க ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன். நூறு பேரில் ஐந்து பேருக்கு எப்படியும் வரக்கூடிய ஒரு நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து 20 சதவீதம் கூடினால் ஐந்து ஆறாகும், இருபத்தைந்தாகாது. சின்ன வயதுக்காரர்களிடம் அந்த ஐந்தே இன்னும் குறைவாக இருக்கும். ஆனால் உயர் பிபி என்பது அளந்தால் கண்டுபிடித்துவிடக்கூடிய, சரிசெய்யக்கூடிய விஷயம். பல வருடம் கவனிக்காமல் விட்டால்தான் அது இதயத்தையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். அதனால் மருந்து ஐந்தாவது வருடம் ஓடுகிறது, பழகிப்போய்விட்டது, இனி அளக்க வேண்டாம் என்று விடக் கூடாது. நீண்ட காலம் எடுப்பவர்கள்தான் இன்னும் ஒழுங்காக அளக்க வேண்டும்.

மருத்துவர் குடும்பத்தைப் பற்றி ஏன் அவ்வளவு கேட்கிறார்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

"குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா?" என்று மருத்துவர் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. "இல்லை டாக்டர்" என்றேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "உன் சின்ன மாமா?" என்றாள். என் தாய்மாமா இருபத்தாறு வயதில் நீந்தப் போனவர் திரும்பவில்லை. தண்ணீரில் மூழ்கியது எங்கள் வீட்டில் எப்போதும் 'விபத்து'தான். ஆனால் அவர் சிறு வயதிலிருந்தே நன்றாக நீந்துபவர். மருத்துவர் கேட்டது நோயை அல்லவா, விபத்தை ஏன் சொல்ல வேண்டும் என்பதுதான் என் நினைப்பு.

மறுநாளே போய்ச் சொன்னேன். மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நீண்ட க்யூடி என்று ஒரு பரம்பரைக் கோளாறு உண்டு. இதயத்தின் மின்னோட்டம் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் பழைய நிலைக்குத் திரும்பக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். அதில் ஒரு வகையில் நீச்சலும் கடும் உடற்பயிற்சியும்தான் ஆபத்தான நேரம். நீந்தத் தெரிந்தவர் காரணமில்லாமல் மூழ்கினார் என்றால் இதைச் சந்தேகிக்க வேண்டும் என்றார். என் மகனுக்கு இசிஜி எடுத்து, இதய மருத்துவர் பார்த்து, என் அம்மாவுக்கும் எனக்கும் கூட எடுத்துப் பார்த்தார்கள். எங்கள் மூவருக்கும் இயல்பாகவே இருந்தது. அதற்குப் பிறகுதான் முதல் மாத்திரை.

அதனால், கேள்வியை இப்படி மாற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: நாற்பது வயதுக்குள் தூக்கத்தில் இறந்தவர் உண்டா? விளையாடும்போது விழுந்தவர்? நீந்தத் தெரிந்தும் மூழ்கியவர்? தனியாக வண்டி ஓட்டிப்போய்க் காரணம் தெரியாமல் மோதியவர்? வலிப்பு என்று சொல்லி மருந்து கொடுத்தும் கேட்காதவர்? பிறந்த சில மாதத்தில் காரணம் தெரியாமல் போன குழந்தை? இதயத் தசை தடித்துப்போகும் ஹைபர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதியும் இப்படித்தான் பரம்பரையாக வரும். அதுவும் இளம் வயதுத் திடீர் மரணங்களுக்குத் தெரிந்த காரணம்தான். வீட்டில் பேசாமல் மூடி வைத்த மரணங்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்பது சங்கடம்தான். நல்ல நேரம் பார்த்து, ஒருவரைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள்.

பிள்ளையைப் பற்றி என்ன சொல்ல வேண்டும்?

ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கி விழுந்தது. பயந்தபோது, திடீர்ச் சத்தம் கேட்டபோது மயங்கியது. கூட ஓடும் பிள்ளைகளைவிட முன்னதாக மூச்சு வாங்குவது. ஓடும்போது நெஞ்சு வலி. 'நெஞ்சுக்குள்ள யாரோ ஓடுற மாதிரி இருக்கு' என்று சொல்லும்படி சட்டென்று தொடங்கிச் சட்டென்று நிற்கும் படபடப்பு. பிறந்தபோது இதயத்தில் ஓட்டை, இதயத் துடிப்போடு கேட்கும் முணுமுணுப்புச் சத்தம் என்று யாராவது சொல்லியிருந்தால் அதுவும்.

வெயிலில் நெடுநேரம் நின்றோ ஊசி பார்த்தோ மயங்குவது வேறு, பெரும்பாலும் பயமில்லாதது. ஆனாலும் சொல்லிவிடுங்கள். பிரிப்பது அவர் வேலை.

எல்லாருக்கும் இசிஜி எடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. இதில் மருத்துவர்களுக்குள்ளேயே சண்டை இருந்தது. 2008-இல் அமெரிக்க இதயச் சங்கம் எடுப்பது நியாயம் என்ற பக்கம் சாய்ந்தது. குழந்தை மருத்துவர்களின் அமைப்பு, எல்லாருக்கும் எடுக்கப் போதுமான ஆதாரம் இல்லை என்றது. இன்று பெரும்பாலான வழிகாட்டிகளின் நிலை இது: குடும்ப வரலாறு, அறிகுறி, உடல் பரிசோதனை மூன்றும் சுத்தமாக இருந்து, இதயத்தைப் பாதிக்கும் வேறு மருந்தும் இல்லை என்றால் இசிஜி கட்டாயமில்லை. சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-இல் சொன்னதும் இதுவே. ஏதாவது ஒன்றில் சந்தேகம் வந்தால் இசிஜி, தேவைப்பட்டால் இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ, இதய மருத்துவரின் கருத்து.

ஆரோக்கியமான நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு இசிஜி எடுத்தால் சிலரிடம் ஒன்றுமில்லாத வித்தியாசங்கள் தெரியும். அதைத் துரத்திக்கொண்டு இன்னும் பல சோதனை, பல மாதக் கவலை, அதுவரை மருந்தும் இல்லை. இதுதான் எல்லாருக்கும் வேண்டாம் என்பதற்கான காரணம். என் போல் குடும்பத்தில் ஒரு கதை இருந்தால் வலியுறுத்திக் கேளுங்கள்.

ஏற்கெனவே இதயக் கோளாறு இருந்தால் மருந்தே கிடையாதா?

அப்படி இல்லை. தீவிரமான அமைப்புக் கோளாறு, இதயத் தசை நோய், ஆபத்தான துடிப்புக் கோளாறு, சமீபத்தில் மாரடைப்பு, கட்டுக்குள் வராத பிபி இருப்பவர்களுக்குப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். அறுவை சிகிச்சையில் சரிசெய்த சிறிய ஓட்டை போன்றவை இருக்கும் பிள்ளைகள் பலர், இதய மருத்துவரின் சம்மதத்தோடு எடுக்கிறார்கள். பிறவி இதயக் கோளாறு உள்ள பிள்ளைகளிடம் ஏடிஹெச்டி அதிகமாகவே காணப்படுகிறது. அதனால் இது அபூர்வமான கேள்வி அல்ல, இதய மருத்துவர்கள் தினம் பார்ப்பது.

எனக்கு நாற்பத்தைந்து வயது, பிபி உண்டு. ஏடிஹெச்டி என்று இப்போதுதான் தெரிந்தது.

முதலில் பிபியைக் கட்டுக்குள் கொண்டு வந்துவிட்டு, அப்புறம் குறைந்த டோஸில் தொடங்குவதுதான் வழக்கம். தைராய்டு அதிகம் சுரப்பவர்களும் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். சர்க்கரை, கொழுப்பு, புகைபிடித்தல் என்று வயதோடு சேரும் மற்ற ஆபத்துகளையும் மருத்துவர் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

வயது இன்னும் கூடினால் எச்சரிக்கையும் கூட வேண்டும். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 66 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைப் பற்றி 2021-இல் ஒரு ஆய்வு வந்தது. ஸ்டிமுலன்ட் தொடங்கிய முதல் 30 நாளில் இதய, ரத்தக் குழாய்ச் சம்பவங்கள் சுமார் 40 சதவீதம் கூடுதல். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் இல்லை. முதல் மாதம்தான் கூர்ந்து கவனிக்க வேண்டிய மாதம் என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

வீட்டில் எப்படி அளப்பது?

நான் செய்வதைச் சொல்கிறேன். அரை மணி நேரம் ஓட்டமில்லை, காபி டீ இல்லை. முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கை மேசை மேல், நெஞ்சு உயரத்தில். சட்டைக் கை மேல் பிபி மெஷினின் உறையைச் சுற்றக் கூடாது. பேசக் கூடாது, என் மகனுக்கு இதுதான் கஷ்டம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதுகிறேன்.

உறையின் அளவைப் பாருங்கள். வீட்டில் இருந்த மெஷினின் உறை என் கை அளவு. அவன் கையில் சுற்றினால் இரண்டு சுற்று வந்தது. உறை பெரிதாக இருந்தால் பிபி உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும், சிறிதாக இருந்தால் அதிகமாகக் காட்டும். முதல் இரண்டு வாரம் நான் எழுதிய எண்களை எல்லாம் அடித்துவிட்டு, குழந்தைகளுக்கான உறை வாங்கி மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

நாடித்துடிப்புக்கு மெஷினே வேண்டாம். உள்ளங்கையைத் திருப்பி வைத்து, கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வையுங்கள். கட்டைவிரலால் பார்க்க வேண்டாம். அதற்கே ஒரு துடிப்பு உண்டு, உங்களுடையதையே எண்ணிவிடுவீர்கள். முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். மருந்துக்கு முன்பு அவனுக்கு 80-ஐ ஒட்டி இருந்தது, இப்போது 86, 88. எண்ணும்போது தாளமும் தெரியும். நடுவில் தவறுவது, தாறுமாறாக ஓடுவது இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

நேரம் முக்கியம். குறுகிய நேரம் வேலை செய்யும் மெத்தில்ஃபெனிடேட் மூன்று நான்கு மணி நேரம்தான் நிற்கும். காலையில் கொடுத்துவிட்டு மாலை ஆறு மணிக்கு மருத்துவமனையில் பிபி பார்த்தால், மருந்து இறங்கிப்போன உடம்பைத்தான் பார்க்கிறோம். 'எத்தனை மணிக்குக் கொடுத்தேன், எத்தனை மணிக்கு அளந்தேன்' இரண்டையும் எழுதுங்கள்.

எந்த எண் வந்தால் பயப்பட வேண்டும்?

பெரியவர்களுக்கு ஓய்வில் நாடித்துடிப்பு 60 முதல் 100 இயல்பு. ஓய்விலேயே தொடர்ந்து 120-ஐத் தாண்டினால் டோஸைக் குறைத்து மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்கிறது நைஸ். வீட்டில் பிபி திரும்பத் திரும்ப 135/85-க்கு மேல் வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பதின்மூன்று வயதுக்குக் கீழே இந்த எண்கள் பொருந்தாது. வயது, உயரம், ஆணா பெண்ணா என்று பார்த்து அட்டவணையில் தேட வேண்டும். உங்களுக்குப் பரவாயில்லை என்று தோன்றும் 120/80 ஆறு வயதுப் பிள்ளைக்கு அதிகம். உங்கள் பிள்ளைக்கு எது மேல் எல்லை என்று மருத்துவரிடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ஒரே ஒரு முறை எண் அதிகமாக வந்தால் பதற வேண்டாம். உட்கார வைத்து மறுபடி எடுங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது எப்போது?

ஓடும்போது நெஞ்சு வலி, மயங்கி விழுதல், காரணமில்லாத மூச்சுத் திணறல், நிற்காத படபடப்போடு தலைசுற்றல், முகமோ கையோ ஒரு பக்கம் இழுப்பது, பேச்சுக் குழறல். இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த மாத்திரை கொடுக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய், என்ன மருந்து, கடைசியாக எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். காலை வரை பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

எதோடு சேர்க்கக் கூடாது?

மிகக் கண்டிப்பானது எம்ஏஓ தடுப்பான் வகை மனச்சோர்வு மருந்து. அதை நிறுத்தி 14 நாள் ஆகாமல் ஸ்டிமுலன்ட் தொடங்கினால் பிபி ஆபத்தான உயரத்துக்குப் போகலாம். லினெசோலிட் என்ற ஆன்டிபயாடிக்கும் இதே குணம் கொண்டது.

வீட்டில் தெரியாமல் நடப்பது ஜலதோஷ மாத்திரை. மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின், ஃபினைலெஃப்ரின் இரண்டும் ரத்தக் குழாயைச் சுருக்குபவை. இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே வேலை நடக்கும். மருந்துக்கடையில் கேட்கும்போதே 'பையன் ஸ்டிமுலன்ட் எடுக்கிறான்' என்று சொல்லிவிடுங்கள். காபியும் எனர்ஜி டிரிங்கும் படபடப்பைக் கூட்டும். எனர்ஜி டிரிங்கை நான் முற்றாக விலக்கிவிட்டேன். பெரியவர்களுக்கு: மது, மெத்தில்ஃபெனிடேட்டின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். சமையல் சோடா போன்ற காரப் பொருள்கள் ஆம்ஃபெட்டமின் உடம்பிலிருந்து வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். அறுவை சிகிச்சை இருந்தால் மயக்க மருந்து மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சில மயக்க வாயுக்களோடு மெத்தில்ஃபெனிடேட் சேர்ந்தால் பிபி சட்டென்று ஏறும் என்பதால் அன்று மாத்திரை வேண்டாம் என்பார்கள்.

ஸ்டிமுலன்ட் இல்லாத மருந்துக்கு மாறினால் இதயத்துக்குப் பிரச்சினை இல்லையே?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அட்டோமாக்ஸெட்டின் ஸ்டிமுலன்ட் அல்ல, ஆனால் நார்அட்ரினலினைக் கூட்டியே வேலை செய்கிறது. நாடியும் பிபியும் அதிலும் ஏறும், அளப்பதும் அதேபோல்தான். குவான்ஃபசின், குளோனிடின் இரண்டும் எதிர்த்திசை. பிபியையும் துடிப்பையும் இறக்கும், தூக்கம் வரும், சிலருக்கு மயக்கம் வரும். அவற்றைத் திடீரென்று நிறுத்தினால் பிபி எகிறும். அதனால் தீர்ந்துபோகும் முன்பே வாங்கி வைக்க வேண்டும், நிறுத்துவதென்றால் படிப்படியாக.

பரீட்சைக்காக நண்பனின் மாத்திரையை ஒருநாள் போட்டால் என்ன?

போடக் கூடாது. மேலே சொன்ன அத்தனை ஆறுதலும் விசாரித்து, அளந்து, சரியான டோஸில் எடுப்பவர்களுக்கானது. நண்பனின் மாத்திரைக்கு முன் உங்கள் குடும்பக் கதையை யாரும் கேட்கவில்லை, பிபி பார்க்கவில்லை. பொடித்து மூக்கில் இழுத்தால் மருந்து நிமிடங்களில் ஏறிவிடும். மெதுவாகக் கரைய வேண்டும் என்று செய்த மாத்திரையின் பாதுகாப்பே போய்விடும். அதிக அளவில் நெடுநாள் தவறாகப் பயன்படுத்தினால் ஆம்ஃபெட்டமின் இதயத் தசையையே பலவீனமாக்கும். 2023-இல் எஃப்டிஏ எல்லா ஸ்டிமுலன்ட்களின் கறுப்புக் கட்ட எச்சரிக்கையையும் புதுப்பித்தது. மாத்திரையை அடுத்தவரோடு பகிர்வதன் ஆபத்தும் அதில் இடம்பெற்றது. வீட்டில் மாத்திரையை எண்ணிப் பூட்டி வைக்கிறேன். மகன் மேல் நம்பிக்கை இல்லாததால் அல்ல, வீட்டுக்கு வருகிற மற்ற பிள்ளைகளுக்காகவும்.

இத்தனை தொல்லைக்கு மருந்தே வேண்டாம் என்று விட்டுவிட்டால்?

மருந்து கொடுக்காமல் விடுவதிலும் ஆபத்து இருக்கிறது. ஏடிஹெச்டி கவனிக்கப்படாமல் போனால் விபத்துகள் கூடுகின்றன, போதைப் பழக்கம் கூடுகிறது. சுவீடனில் சுமார் 1,48,500 பேரைப் பார்த்து 2024-இல் வந்த ஆய்வில், ஏடிஹெச்டி தெரிந்தவுடன் மருந்து தொடங்கியவர்களிடம் இரண்டு வருடத்துக்குள் இறப்பு குறைவாக இருந்தது. விபத்து, விஷம் போன்ற காரணங்களால் வரும் இறப்புகளில்தான் அந்த வித்தியாசம் முக்கியமாகத் தெரிந்தது. எல்லாருக்கும் மருந்து வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நடத்தைப் பயிற்சியும் பள்ளியின் உதவியும் போதுமான பிள்ளைகள் உண்டு. இதயத்தைக் காரணம் காட்டி மறுப்பதென்றால் அளந்து பார்த்த பின் மறுங்கள். நான் அந்த மூன்று நாள் செய்ததுபோல் தாளைப் பார்த்துப் பயந்து மறுக்காதீர்கள்.

விளையாட்டில் இருக்கும் பிள்ளை எடுக்கலாமா?

இதயச் சோதனை சரியாக இருந்தால் எடுக்கலாம். போட்டிகளில் இந்த மருந்துகள் தடைப் பட்டியலில் இருப்பதால், சிகிச்சைக்கான விலக்கு அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். வெயிலில் பயிற்சி என்றால் தண்ணீரும் ஓய்வும் கூடுதலாக வேண்டும். மருந்து களைப்பை மறக்க வைக்கும்.

எவ்வளவு காலம் அளந்துகொண்டே இருக்க வேண்டும்?

மருந்து எடுக்கும் வரைக்கும். டோஸ் மாறும் வாரங்களில் நான் அடிக்கடி பார்ப்பேன். நிலையான பிறகு மருத்துவமனையில் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது. கூடவே உயரமும் எடையும், ஏனென்றால் பசி குறையும்.

அவனுக்கு இப்போது பதினான்கு வயது. நாடியை அவனே எண்ணி, நோட்டில் அவனே எழுதுகிறான். நோட்டின் முதல் பக்கத்தில் மேல் எல்லை எண்கள் இருக்கின்றன. அதற்குக் கீழே மாமாவின் பெயர், வயது இருபத்தாறு, நீந்தும்போது என்று எழுதியிருக்கிறேன். நாளை வேறு ஊரில், வேறு மருத்துவர் முன்னால் அவன் தனியாக உட்கார்ந்திருக்கும்போது கேட்பார்கள். அப்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன்.